அப்பாவின் கண்ணுள்ள கிடாய்

போன மாதம் என் மகன் கட்டிய புது வீட்டுக்குக் குடிபூரல் விழா. வந்த பரிசுகளில் ஒரு பீங்கான் மானும் இருந்தது. மருதனார்மடச் சந்தியில் ஒரு கடையில் வாங்கியதாம். முழங்கால் உயரம், நல்ல மினுக்கம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மருமகள் அதை முன் அறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் வடிவாயிருக்கிறது என்றார்கள். நானும் சொன்னேன். சொல்லாவிட்டால் கிழவிக்கு ஒன்றும் பிடிக்காது என்பார்கள்.

எல்லோரும் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கண் இருந்தது, மூக்கு இருந்தது, வாயும் இருந்தது. ஆனால் அந்த முகத்துக்குள் ஒருவரும் இல்லை. அதற்குப் பசியா, பயமா, யாரோடாவது கோபமா, ஒன்றும் விளங்கவில்லை. சின்ன வயதிலேயே ஒரு மண் மிருகத்தின் முகத்தில் எங்கள் வீட்டு ஆளைக் கண்டவள் நான். அதனால்தான் இந்த மானோடு எனக்குச் சரிவரவில்லை.

என் வயதுக்காரருக்குத்தான் இதை எழுதுகிறேன். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, எழுத்து சின்னதாயிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு வாசிக்கிற உங்களுக்கு. இளையவர்கள் வாசித்தால் செய்வினை என்ற இடத்தில் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். உங்கள் வளவிலும் யாராவது ஒருநாள் எதையாவது தோண்டி எடுத்திருப்பார்கள், அதன் பிறகு வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கதைத்திருப்பார்கள்.

எங்கள் வீடு நீர்வேலியில். அப்பாவுக்கு வாழை, வெங்காயம், கொஞ்சம் புகையிலை. நான் ஒரே பிள்ளை, அப்போது ஒன்பது வயது. பங்குனி மாதம் புகையிலையை வெட்டி வாட்டி, வளவின் பின்பக்கத்துக் குடிலுக்குள் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள். குடில் என்றால் ஜன்னல் இல்லாத மண்சுவர், ஓலைக்கூரை, நடுவிலே கிடங்கு என்கிற ஒரு குழி. கிடங்குக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டி, எரியவும் விடாமல் அணையவும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் கண் அயர்ந்தால் ஒரு வருடத்து உழைப்பு கூரையோடு போய்விடும். பகலில் அந்தக் காவல் அம்மாவுடையது.

அந்தக் குடிலுக்குள் வேறு யாரும் தலை நீட்டுவதில்லை. புகை கண்ணைக் கரிக்கும், தொண்டை காறும், கட்டின உடுப்பு மூன்று தோய்ச்சலுக்கும் மணக்கும். அம்மா கண் சிவந்து வெளியே வருவாள். ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. புகை என்று விட்டுவிடுவார்கள். அந்த வசதிக்காகவே அவள் அந்த வேலையை விரும்பிச் செய்தாளோ என்று இந்த வயதில் யோசிக்கிறேன்.

சித்திரை வருடம் பிறக்கமுன் குசினி அடுப்பைப் புதிதாகப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கென்று வற்றின குளத்திலிருந்து ஒரு ஓலைக் கடகம் களிமண் வரும். அடுப்புக்கு அரைக் கடகம் போதும். மிச்சக் களியை அம்மா ஈரச்சாக்கால் மூடிக் குடிலுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள். அதை நான் கண்டது ஒரு தற்செயல். பள்ளிக்கூடத்தில் தலையிடி என்று பொய் சொல்லி வீட்டுக்கு வந்த நாள். குடில் படலையைத் தள்ளினால், அம்மா புகைக்குள் குந்தியிருந்து மடியில் எதையோ வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பேயைக் கண்டவள் மாதிரித் திடுக்கிட்டாள். பிறகு நான்தான் என்று தெரிந்ததும் பக்கத்தில் வரச் சொன்னாள்.

ஒரு கிடாய் ஆடு. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. நாலு காலையும் ஊன்றி, தாடியை முன்னுக்குத் தள்ளி நின்றது. கீழ் உதடு மேல் உதட்டைவிட ஒரு நெல்லளவு வெளியே. இடது கண்ணுக்கு மேல் மண்ணை நகத்தால் உயர்த்திவிட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கேயோ கண்ட முகம்.

"உது ஆர் எண்டு தெரியுதோ?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பா" என்றேன்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படி உடம்பு குலுங்கச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை. பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சொன்னாள்.

அப்பாவைப் பற்றி நீங்கள் பிழையாக நினைக்கக்கூடாது. அவர் கை நீட்டுகிறவர் அல்லர், குடிக்கிறவர் அல்லர், உரத்துக் கத்துகிறவரும் அல்லர். அவர் பார்ப்பார். அவ்வளவுதான். கறியில் உப்புக் குறைந்தால் சோற்றுக் கோப்பையை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, இடது புருவத்தை உயர்த்தி, கீழ் உதட்டை நீட்டி அம்மாவைப் பார்ப்பார். அந்தப் பார்வை முடியும்வரை வீட்டில் ஒருவரும் அசைய முடியாது. அந்தக் கிழமை அச்சுவேலியில் சின்னம்மாவுக்கு, அதுதான் அம்மாவின் தங்கைக்கு, பிள்ளை பிறந்திருந்தது. இரண்டு நாள் போய் நின்று பார்த்துவிட்டு வரட்டுமா என்று அம்மா கேட்டாள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்தார். அம்மா எழும்பிக் குடிலுக்குப் போய்விட்டாள். கிடாய் பிறந்தது அன்றைக்குத்தான்.

அது மட்டுமல்ல, வேறும் இருந்தன. பொச்சுக் குவியலுக்குப் பின்னால் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் பழந்துணி சுற்றி வைத்திருந்தாள். எல்லாம் கரிக்கறுப்பு. கிடங்குத் தணலுக்குள் புதைத்துச் சுட்டால், அந்தப் புகை மண்ணுக்குள் இறங்கி அப்படிக் கறுப்பாக்கிவிடும். செட்டையை விரித்துக் கொக்கரிக்கிற ஒரு கோழி இருந்தது. அது பக்கத்து வளவு மாமி. ஒற்றைக் காதை நிமிர்த்திக் கதவோரம் படுத்திருக்கிற ஒரு நாய்க்குட்டி இருந்தது. அது நான். பெரியவர்கள் கதைப்பதை ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது, இப்போதும் இருக்கிறது. அம்மா விளையாடுகிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பெரியவர்களுக்கும் விளையாட ஆசை வரும்போல என்று எனக்குள் ஒரே புளுகம், சந்தோஷம்.

அந்த மாமியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தமக்கை, அம்மாவுக்கு மச்சாள். அவரின் கணவருக்குக் கொழும்பில் உத்தியோகம், வருடத்தில் இரண்டு தடவை வருவார். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையத்தக்கதாக ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். அதற்குள்ளால் கறிவேப்பிலை போகும், நெருப்புத் தணல் வரும், குழம்புக் கிண்ணம் போகும், சிரிப்பு வரும். அம்மா வாய் திறந்து கதைத்த ஒரே இடம் அந்தப் பொட்டடி. ஆனால் ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது, எல்லையில் நட்ட கதியால் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது என்று அப்பா சொல்லுவார். மாமி இல்லை என்பார். ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டு திரிவார்கள். பிறகு ஓய்ந்துவிடும்.

இனி நான் செய்த வேலை. ஒரு பின்னேரம் அம்மா குளிக்கப் போன நேரம் தகரத்தைத் திறந்து கிடாயை எடுத்தேன். ஆட்டைக் கட்டி மேய்க்கவேண்டாமா. தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் எடுத்துக் கழுத்தில் கட்டினேன். ஒரு முடிச்சு வழுகியது, அதனால் மூன்று முடிச்சுப் போட்டேன். வேலியோரம் புல்லில் மேய்த்துக்கொண்டிருக்கையில் கை தவறிக் கல்லில் விழுந்து பின்னங்கால் ஒன்று உடைந்துபோனது. இடது கால். எனக்கு உயிர் போய்விட்டது. பொட்டுக்குப் பக்கத்திலேயே கையால் மண்ணைக் கிளறிக் கிடாயைப் புதைத்துவிட்டு, கை காலைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தோடு இருந்தேன். அம்மா தகரத்தைத் திறந்து பார்க்காமலிருக்க வேண்டும் என்று மட்டும் கும்பிட்டேன்.

அவள் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த கிழமை அப்பா வேலி அடைக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு இடப்பக்க இடுப்பு நாரியில் பிடிப்பு. புகையிலைப் பாடக் கட்டைத் தூக்கிப் பிடித்ததுதான். பரிகாரியார் தந்த எண்ணெய்க்கும் கேட்கவில்லை. நொண்டி நொண்டித்தான் மண்வெட்டியைக் கொண்டுபோனார். கதியால் நடக் கிடங்கு வெட்டியபோது மண்வெட்டியில் அது தட்டுப்பட்டது.

"இஞ்சார், ஒருக்கா ஓடி வா" என்று அவர் கூப்பிட்ட குரலில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு நடுக்கம் இருந்தது.

அம்மா ஓடிப்போனாள், பின்னால் நான். அப்பா அதைக் கையால் தொடவில்லை. மண்வெட்டி அலகில் ஏந்தி வைத்திருந்தார். கறுத்த மிருகம், கழுத்தில் கறுப்பு நூல், மூன்று முடிச்சு, முறிந்த இடது கால். அம்மா பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை நான் கண்டேன். இதென்ன என்று கேட்டாள். அம்மா சொன்ன பொய் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"வடிவாய்ப் பார்" என்றார் அப்பா. "கண்ணைப் பார். என்ரை கண். என்ரை சொண்டு. ஆரோ என்னை நினைச்சுத்தான் செய்திருக்கு."

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒரு நொடியில் தன்னை அடையாளம் கண்டுவிட்டார். அந்த மண்ணில் தன்னுடைய பார்வை இருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு மனிதனைப் பார்த்துப் பார்த்து ஒருவர் மண்ணில் செய்யக்கூடும் என்றால் அதற்குச் செய்வினையைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. எங்களூரில் மண்ணில் உருச் செய்வது இரண்டுக்குத்தான். ஒன்று நேர்த்திக்கடன், மற்றது செய்வினை. கோபத்துக்கும் அழுகைக்கும் ஒருவர் மிருகம் செய்வார் என்றால் யார் நம்பியிருப்பார்கள்? நீங்கள் நம்பியிருப்பீர்களா?

செய்வினைக்குக் கழிப்புக் கழிக்கிறவர் அடுத்த நாளே வந்தார். மெலிந்த மனிதர், தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். கிடாயைத் திருப்பிப் பார்த்தார், முடிச்சுகளை எண்ணினார், மூக்கடியில் பிடித்து மணந்தும் பார்த்தார். மணந்தபோது குடில் பக்கம் ஒரு தடவை திரும்பினார் என்று எனக்கு ஞாபகம். பிறகு, இது தூரத்து வேலை இல்லை, இந்த வீட்டுச் சோறு தின்ற கைதான் செய்திருக்கிறது என்றார். அந்த மனிதருக்கு உண்மை விளங்கியதா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவுக்கோ சந்தேகமே இருக்கவில்லை. இந்த வீட்டில் சோறு தின்கிற வெளியாள் ஒருவர்தான். கிடாய் கிடந்ததும் அவரின் பொட்டடியில்தான். கிடாயை முச்சந்தியில் போட்டு உலக்கையால் உடைத்துத் தூளாக்கினார்கள். அப்பா அன்றைக்கே பொட்டை ஓலை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார்.

மாமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மத்தியானம் குழம்போடு வந்து, பொட்டைத் தேடி, ஓலைக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். அப்பாதான் போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னார்.

"தம்பி, உன்னைத் தூக்கி வளர்த்த கை இது" என்றார் மாமி.

"அப்ப சத்தியம் பண்ணுங்கோ அக்கா. வெள்ளிக்கிழமை வைரவரடியிலை, கற்பூரத்திலை."

"பண்ணுறன்" என்றார் மாமி. குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அதன்பிறகு அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

கற்பூரச் சத்தியம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்லவேண்டும். பொய் சொன்னால் வைரவர் பார்த்துக்கொள்வார். உண்மை சொன்னாலும் ஊர் விடாது. சத்தியம் பண்ணினவர் என்ற பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். மாமியின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் பேசியிருந்தார்கள். தாய் வைரவரடியில் கற்பூரம் அடித்தாள் என்று கேள்விப்பட்டால் மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுத்திருக்கமாட்டார்கள்.

அன்று பின்னேரம் குடிலுக்குள் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எடுத்தேன், நான்தான் நூல் கட்டினேன், நான்தான் காலை முறித்தேன் என்று அழுதேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் புகை மணம். யாரிடமும் நீ ஒன்றும் சொல்லவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். கட்டின புருஷனை ஆடாகச் செய்து, நெருப்பில் சுட்டு, துணியில் சுற்றி ஒளித்து வைத்த பெண்சாதி. விசர், பைத்தியம் என்பார்கள். அல்லது செய்வினை செய்ததே அவள்தான் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அவள் பெட்டி கட்டிக்கொண்டு அச்சுவேலிக்குப் போகவேண்டியதுதான், என்னை விட்டுவிட்டு. வெள்ளிக்கிழமைவரை இருந்த மூன்று நாளும் அவள் சாப்பிடவில்லை. அப்பா கோப்பையைத் தள்ளவுமில்லை, பார்க்கவுமில்லை. அவரும் பயந்திருந்தார். தன்னுடைய வீட்டுக்குள் யாரோ தன்னை இப்படிக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறார்கள் என்ற பயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை முடிந்தது. வைரவர் கோயில் எங்கள் ஒழுங்கைப் பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கட்டடம், முன்னால் ஒரு புளியமரம். விஷயம் தெரிந்து ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். மாமி தலைக்கு முழுகி ஈரம் சொட்டச் சொட்ட வந்தார். எப்போதும் உரத்த குரலில் கதைக்கிற அந்த மனுசி முணுமுணுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். ஐயர் தட்டில் கற்பூரத்தை வைத்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடினார். அவருக்கும் இது பிடிக்கவில்லை போலும், மடியில் இருந்த பெட்டியைக் கன நேரம் தேடினார்.

அம்மா அப்போதுதான் வந்தாள். இடுப்பில் ஒரு சின்னக் கடகம், மேலே ஈரச்சாக்கு. யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. புளியமரத்தடியில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். சாக்கை விலக்கி ஒரு பிடி களியை எடுத்து உருட்டத் தொடங்கினாள்.

அப்பா கிட்டப் போய் என்ன இது என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. களி உடம்பாயிற்று. கிள்ளி இழுத்தாள், நாலு கால் வந்தது. கழுத்து வந்தது. ஒவ்வொன்றாக வர வர ஆட்கள் கிட்ட நெருங்கி வந்தார்கள். அம்மாவின் விரல் அவ்வளவு விரைவாக ஓடும் என்று நான் நினைத்ததில்லை. அவள் வெங்காயம் உரிக்கும்போதுகூட அப்படி விரைவில்லை. தாடியை முன்னுக்குத் தள்ளினாள். கீழ் உதட்டை ஒரு நெல்லளவு வெளியே எடுத்தாள். கடைசியில் கொண்டையில் செருகியிருந்த ஈர்க்கை இழுத்து இரண்டு கண் குத்தினாள். நகத்தால் இடது புருவத்தை உயர்த்திவிட்டு, கிடாயை மண்ணில் அப்பாவின் முகத்துக்கு நேரே வைத்தாள்.

கிடாய் அப்பாவைப் பார்த்தது. அப்பாவும் கிடாயைப் பார்த்தார், இடது புருவம் உயர்ந்து, கீழ் உதடு நீண்டு. சுற்றி நின்றவர்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தம்பி, உது நீதான்ரா" என்றார் மாமி.

யாரோ ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா களி பிடித்த கையோடு எழும்பி நின்றாள்.

"மச்சாள் சத்தியம் பண்ணத் தேவையில்லை. செய்தது நான். நூல் கட்டினது பிள்ளை, விளையாட்டுக்கு. செய்வினையும் இல்லை, ஒண்டும் இல்லை. எனக்குக் கோவம் வந்தால் நான் உப்பிடித்தான் செய்யிறனான்."

"கோவமெண்டால் என்னட்டைச் சொல்லுறதுதானே" என்றார் அப்பா.

"எப்பிடிச் சொல்லுறது? நீங்கள் பாக்கிறியளே."

அப்பா ஒழுங்கையால் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். ஐயர் கற்பூரத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அம்மா மாமியின் காலடியில் விழப்போனாள். மாமி விடவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஈரச் சேலையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் கிடாயைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன். கால் உடையக்கூடாது என்பதுதான் என்னுடைய ஒரே கவனம்.

அப்பா குடில் வாசலில் குந்தியிருந்தார். அன்று நெருப்புக்கு யாரும் காவல் இல்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது, பொச்சைத் தள்ளிவிட்டிருந்தார். மற்றவற்றையும் கொண்டுவரச் சொன்னார். வேறும் இருக்கின்றன என்று அவராகவே ஊகித்துவிட்டார். அம்மா பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் உடைப்பார் என்று நினைத்து நான் என் நாய்க்குட்டியை முதலில் எடுத்து ஒளிக்கப் பார்த்தேன்.

அவர் உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் துணியை அவிழ்த்து எடுத்து நிலத்தில் வைத்தார். கோழியைக் கண்டு மாமி என்று தானே சொன்னார். நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தகரத்தின் அடியில் நான் அதுவரை காணாத ஒரு மாடு இருந்தது. எருது. தலையைத் தாழ்த்தி, முதுகு கூனி, வால் இரண்டு காலுக்கும் நடுவே ஒட்டியிருக்க நின்றது. மழையில் நனைந்து நிற்கிற மாடு என்று பார்த்தவுடனே தெரியும்.

"உது?" என்று கேட்டார்.

"வெங்காயம் முழுக்க வெள்ளத்திலை அழுகின வருசம், தோட்டத்துக்கை போய் நிண்டனீங்களே" என்றாள் அம்மா. "வந்து ஒண்டும் சொல்லேல்லை. சாப்பிட்டிட்டுப் படுத்திட்டியள். நான் வரம்பிலை நிண்டு பாத்தனான்."

அப்பா அந்த எருதைக் கீழே வைக்கவில்லை. பெருவிரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. புகை என்று சொல்லலாம், வாசலில்தானே இருந்தார். அவர் கோபத்தை மட்டுமல்ல, அவர் ஒளித்த துக்கத்தையும் அவள் பார்த்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அது விளங்க இன்னும் நாற்பது வருடம் எடுத்தது. பிறகு அவர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, ஏதோ குறைகிறது என்பதுபோலத் தகரத்தைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"எல்லாரும் நிக்கினம். நீ எங்கை?" என்று கேட்டார்.

அம்மா கையில் காய்ந்திருந்த களியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"என்னைச் செய்ய நேரம் வரேல்லை" என்றாள்.

அடுத்த நாள் காலையில் அப்பா தானே பொட்டைப் பிரித்துவிட்டார். மாமி மூன்று மாதம் அதற்குள்ளால் வரவில்லை. நாலாம் மாதம் மகளின் கல்யாணப் பலகாரத்துக்கு மாவறுக்க ஆள் போதாது என்று பொட்டடியில் நின்று கூப்பிட்டார். அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அதற்கு முன், அந்தச் சித்திரையிலேயே, அம்மா அச்சுவேலிக்குப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தாள். அப்பா அந்த இரண்டு நாளும் குடிலில் நெருப்புக்குக் காவல் இருந்தார். புளியமரத்தடிக் கிடாயையும் அவரே சுட்டார். அவருக்குப் பக்குவம் தெரியவில்லை, கழுத்தடியில் வெடித்துவிட்டது. வெடித்ததையே சாமான் அறை மாடத்தில் கன காலம் வைத்திருந்தார். பிறகு நாங்கள் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து ஓடியபோது அதுவும் எருதும் கோழியும் எல்லாம் அங்கேயே போயின.

அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் செய்யவில்லை. ஊரில் பலர் வந்து கேட்டார்கள். பிள்ளைகளுக்கு விளையாட ஒரு யானை செய்து தா, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு மயில் செய்து தா என்று. நேரமில்லை என்று சிரித்து மழுப்பிவிடுவாள். அவளுக்கு இனி அது தேவையில்லை, இப்போது வாய் திறந்து சொல்கிறாளே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அப்பாவும் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார், முழுதாக விட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் சொன்னதெல்லாம் வீட்டுக் கதை. உப்பு, புளி, என் படிப்பு, அப்பாவின் நாரி. தன்னைப் பற்றி அவள் சொன்னதாக ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

நேற்றுப் பேத்தி பள்ளிக்கூட வேலைக்கென்று வாங்கிய களிமண் பொதியில் பாதி மிச்சமிருந்தது. அந்தப் பீங்கான் மானுக்கு முன்னால் மேசையில் பழைய பேப்பரை விரித்து இருந்தேன். அம்மாவைச் செய்து பார்ப்போம் என்று ஒரு எண்ணம். அவளுக்கு வராத நேரம் எனக்கு நிறைய இருக்கிறது. பசுவாகச் செய்யத் தொடங்கினேன். பொறுமையான பெண் என்றால் எல்லோரும் பசு என்பார்கள், ஆனால் புளியமரத்தடியில் இருந்தவள் பசு இல்லை. அழித்தேன். பூனையாக்கினேன், அது சின்னம்மாவைப்போல வந்தது. அழித்தேன். முழங்கால் மரத்துப்போகும்வரை இருந்தும், கடைசியில் மேசையில் இருந்தது இரண்டு கண் குத்திய ஒரு மண்ணுருண்டை.

நாற்பத்தொரு வருடம் நான் அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தேன். என் நாய்க்குட்டிக் காதை அவள் சரியாகப் பார்த்து வைத்திருந்தாள். அவள் எந்த மிருகம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ எங்கே என்று அப்பாவாவது ஒரு தடவை கேட்டார். நான் ஒருநாளும் கேட்கவில்லை.